கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீடு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். அமைதியான கடற்கரைப் பகுதியில் வீடு வாங்கலாமா, வாங்கினால் நிம்மதியாக இருக்க முடியுமா? கட்டடப் பழுதுபார்க்கும் பொறியாளராக 28 வருடம் வேலை பார்த்தவள் நான். 17 வருடமாகக் கடலிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு வீட்டில் குடியிருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துப் பதில் சொல்கிறேன். எழுதியவர்கள் பல நாடுகளில் இருப்பதால், எந்தக் கரைக்கும் பொருந்துகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அம்மா, அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரு வீடு பார்த்தோம். வாசலில் நின்றால் கடல். காலையில் அங்கே நின்றபோது இனி வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. முன்பணம் கொடுக்கச் சொல்லித் தரகர் அவசரப்படுத்துகிறார். கொடுத்துவிடலாமா?
- ஓர் ஆசிரியர்

பதில்: இப்போது வேண்டாம் சார். நீங்கள் பார்த்திருப்பது அந்த வீட்டின் ஒரே ஒரு காலை நேரத்தை.

பகலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். தரைக்கு மேலே உள்ள காற்று எழும்பிப் போக, அந்த இடத்துக்குக் கடல்காற்று உள்ளே வரும். அது பிற்பகலில்தான் முழு வேகம் பிடிக்கும். காலையில் அசையாமல் நின்ற கதவு மூன்று மணிக்குப் படார் படாரென்று அடிக்கும். துடைத்து வைத்த தரையில் சாயங்காலம் காலை வைத்தால் மணல் நறநறக்கும். மூக்குக் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு தெரியும். அது உப்பு. அதே உப்புதான் ஜன்னல் கொக்கியிலும் கேட் கீலிலும் ஏசியின் வெளி யூனிட்டிலும் உட்காருகிறது.

மணலும் நீங்கள் பார்த்த அளவிலேயே இருக்காது. கடல் சீறும் மாதங்களில் செங்குத்தான அலைகள் கரை மணலை இழுத்துக்கொண்டுபோய்ச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் திட்டாகப் போட்டுவைக்கும். கடல் அடங்கும் மாதங்களில் நீளமான, தணிந்த அலைகள் அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். விடுமுறைக் காலத்தில் நூறு அடி அகலமாகத் தெரிந்த மணல்வெளி வேறொரு மாதத்தில் இருபதடியாகச் சுருங்கி நிற்கலாம். இது அழிவு இல்லை, கரையின் மூச்சு அப்படித்தான். ஆனால் அந்தச் சுருங்கிய கோடு உங்கள் வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

நாங்கள் வாங்கியபோது நான் மூன்று முறை போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் காலையில். குடிவந்த முதல் சீற்ற மாதத்தில் மழை மேலிருந்து கீழே பெய்யவில்லை, பக்கவாட்டில் பெய்தது. கடல் பார்த்த படுக்கையறையில் ஜன்னல் சட்டத்தின் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து உள்ளே வந்தது. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலை நகர்த்திக்கொண்டுபோய்ப் பின்னறையில் போட்டோம். 17 வருடமாகக் கட்டில் பின்னறையில்தான் இருக்கிறது.

முடிந்தால் அதே தெருவில், கடல் சீறும் காலம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள். அது முடியாதென்றால் குறைந்தது மூன்று முறை போங்கள்: ஒரு பிற்பகலில், பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டி ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், உயரும் நேரத்தில், பிறகு சீற்ற மாதத்தின் ஓர் இரவில். அதுவரை காத்திருக்க முடியாது என்கிற தரகரிடம் வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: நாங்கள் பார்த்திருப்பது 12 வருடம் பழைய வீடு. புதுப் பெயின்ட் அடித்து, பார்க்கவே புதுசு போல இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும் மேடம்?
- வாசகி

பதில்: விற்பதற்கு முன்னால் பெயின்ட் அடித்த கடற்கரை வீட்டை நான் சந்தேகத்தோடுதான் சுற்றி வருவேன். உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால் நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். பி.எச். 12க்கு மேலே இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. கடல் உப்பில் இருக்கும் குளோரைடு வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊறி ஊறிக் கம்பியை எட்டும்போது அந்தப் படலம் அங்கங்கே உடையும். அப்புறம் துரு. துருவானது, அது தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நீங்கள் முதல் விரிசலைப் பார்க்கும்போது உள்ளே வேலை பல வருடம் நடந்து முடிந்திருக்கும்.

அதனால் சுவரின் முகத்தைப் பார்க்காமல் அடிப்பக்கங்களைப் பாருங்கள். சன்ஷேடின் அடி, பால்கனியின் அடி, மாடிப்படியின் அடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள். மழை கழுவிவிடாத இடங்களில்தான் உப்பு தங்கும். கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் இருக்கிறதா, பழுப்புக் கறை கசிகிறதா என்று கவனியுங்கள். சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் 'டங்'கென்று சொல்லும். உள்ளே பிரிந்துவிட்டது 'பொத்'தென்று சொல்லும். இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால், பெயின்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒட்டுவேலை மேடுபள்ளமாகத் தெரிந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வைத்துச் சோதனை செய்யுங்கள். கவர் மீட்டர் வைத்தால் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். சில இடங்களில் துளையிட்டுப் பொடி எடுத்துக் குளோரைடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் சொல்வார்கள். கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதா என்பதற்கு ஹாஃப் செல் சோதனை இருக்கிறது. வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. இதற்கு ஒத்துக்கொள்ளாத சொந்தக்காரர் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்த்திருக்கிறார்கள் என்றால் எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். என் அண்ணன் வீட்டில் பால்கனி அடியில் பூச்சு உதிர்ந்தது. நான் வெளியூரில் இருந்தேன். அங்கே வந்த ஒப்பந்தக்காரர் உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டு, கம்பியின் மேல் பெயின்ட் தடவி, சிமென்ட் பூசி, அழகாக முடித்துவிட்டுப் போனார். இரண்டு வருடத்தில் அந்த ஒட்டுக்கு ஒட்டினாற்போல இருந்த பகுதி பெரிய பாளமாக விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. புது ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாக இருக்கும்போது, பக்கத்தில் உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி முன்பைவிட வேகமாக அரிக்கும். மின்வேதியியல் அப்படி. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு வெட்டி, உப்பேறிய பகுதி முழுவதையும் எடுத்து, துரு போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கம்பியைத் தேய்த்த பிறகுதான் பூச வேண்டும். விழுந்த பாளத்தை நான் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையும் தேவைப்பட்டது. இந்த விஷயத்தில் நான் கறாராகப் பேசுவதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: மனை வாங்கி நாங்களே கட்டப்போகிறோம். எபாக்சி பூசிய கம்பி போட்டால் துருவே பிடிக்காது என்கிறார் கடைக்காரர். உண்மையா?
- இளம் தம்பதி

பதில்: எபாக்சி என்பது கம்பியின் மேல் பூசும் ஒருவகைப் பிசின். அந்தப் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தால் பயன் உண்டு. வளைக்கும்போதும் கட்டும்போதும் மிதிக்கும்போதும் கீறல் விழாமல் எந்தக் கட்டுமான இடத்தில் வேலை நடக்கிறது? அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளை இணைக்கும் பாலங்களில் எபாக்சி பூசிய கம்பிதான் போட்டார்கள். அலை தெறிக்கும் தூண்களில் பத்து வருடம் ஆவதற்குள் அரிப்பு வெளியே தெரிந்துவிட்டது.

உங்களைக் காப்பது கம்பியைச் சுற்றி இருக்கும் நல்ல கான்கிரீட்தான். கம்பிக்கு வெளியே 50 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், இருக்கட்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் என்ற கட்டையை வைக்காமல் கல்லை முட்டுக் கொடுக்க விடாதீர்கள். ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) அல்லது ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கலந்த சிமென்ட் குளோரைடு ஊறுவதைத் தாமதப்படுத்தும். தண்ணீரைக் குறைத்துக் கலக்க வேண்டும். சிமென்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக் கூடாது. கலவை இறுகலாக இருக்கிறது என்று மேஸ்திரி ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். கலப்பதற்கும் நனைப்பதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். கரை மணலை வாரிப்போட்டுக் கட்டிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே உப்பு வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை, முதல் நாளே உள்ளே குடியேறிவிட்டது.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி ஒரே வருடத்தில் பழுப்பாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகர்

பதில்: இருக்காது. அது 304 ரகமாக இருக்கும். கடலோரத்துக்கு 316 வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் குளோரைடைத் தாங்கும். அதையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். ஜன்னலுக்கு யு.பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் நல்லது, ஆனால் அதன் கீலும் திருகாணியும் எந்த உலோகம் என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் சட்டம் அப்படியே இருக்கக் கீல்களை மட்டும் இரண்டு முறை மாற்றியிருக்கிறோம்.

கேள்வி: வீட்டுப் போர்வெல் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கிறது. கடலிலிருந்து 150 மீட்டர்தான். எப்படி அம்மா இது? இப்படியே இருக்குமா?
- வாசகர்

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடற்கரையில் வீட்டைவிடத் தண்ணீர்தான் முதலில் கைவிடும்.

மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்புநீர் கொஞ்சம் கனமானது. நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் கடல்நீர் ஏறத்தாழ 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து வரும் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் கைபெனும் 1901இல் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்கும் தனித்தனியாகச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல நீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பிப் படியுங்கள்: மேலே கால் மீட்டர் குறைந்தால் அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 10 மீட்டர் ஏறிவரும். அதிலும் மோட்டாரை வைத்து ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சினால், அந்தக் குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு மாதிரி எழும்பி வரும்.

அதனால்தான் கரையில் பழைய ஆழமில்லாத கிணறு இனிக்கும், பக்கத்திலேயே புதிதாகப் போட்ட ஆழமான போர்வெல் உவர்க்கும். இன்னும் ஆழமாகப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புகள் எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். கோடையின் கடைசியில், மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து எழுதுங்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு. அதனால் நல்ல நீரில் அது ஒரு சதவீதம் கலந்தாலே 350 ஏறிவிடும். 600க்குள் இருந்தால் குடிக்க நன்றாக இருக்கும், 1,000 தாண்டினால் வாய்க்கே பிடிக்காது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் கீழே கூம்பு எழும்புகிறது என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் எத்தனை போர்வெல், புதிதாக விடுதி ஏதும் வரப்போகிறதா என்றும் விசாரியுங்கள். உங்கள் நீரும் அவர்கள் நீரும் ஒன்றுதான்.

கடல் உள்ளே வந்து கிணறு உப்பாகிவிட்டால் பதறிப்போய் இறைத்துத் தள்ளக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளை மறுபடி மறுபடி இறைத்தார்கள். அதில் பெரிய பலன் கிடைக்கவில்லை. மழைதான் மெல்லக் கழுவிக் கொடுத்தது. கூரை மழைநீர் ஒரு சொட்டும் வீணாகாமல் மணலுக்குள் இறங்க வழி செய்யுங்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் அந்த இளநீரை வைத்திருக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

கேள்வி: வீட்டுக்கு முன்னால் பெரிய கல் தடுப்புச் சுவர் இருக்கிறது. அப்படியானால் கடல் அரிப்புக்குப் பயப்பட வேண்டாம்தானே?
- வாசகி

பதில்: சுவர் இருக்கிறது என்றால், யாரோ ஏற்கெனவே பயந்திருக்கிறார்கள். ஏன் என்று விசாரியுங்கள்.

சுவரில் மோதித் திரும்பும் அலை அடிவார மணலைத் தோண்டும். சுவருக்குப் பின்னால் வீடு நிற்கும், முன்னால் மணல் போய்விடும். தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் அதன் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்துக்குப் போக வேண்டிய மணல் நின்றுவிடும். கடலோரத்தில் மணல் கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருப்பது. வளைவின் எந்தப் பக்கத்தில் உங்கள் வீடு என்பது மிக முக்கியம்.

கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். வீட்டின் ஒரு மூலையிலிருந்து செடிகள் முடியும் கோடு வரை ஒவ்வொரு படத்திலும் அளந்து எழுதுங்கள். நீர் விளிம்பை அளக்காதீர்கள், அது ஓதத்தோடு மாறும். வெப்பமான கரைகளில் அடப்பங்கொடி படர்ந்து முடியும் இடம் நல்ல அடையாளம். அந்தக் கொடி பல வருடமாக ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி. அதை 'சுத்தம்' செய்து மணல்மேட்டைச் சமன்படுத்திப் புல்தரை போட்டிருந்தால் எனக்கு வருத்தமும் கோபமும்தான் வரும். புயல் நேரத்தில் வீட்டுக்காக முதலில் கரைந்துபோவது அந்த மேடுதான்.

1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதில் 2006க்கும் 2018க்கும் இடையில் வருடத்துக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர். சின்ன அளவாகத் தெரியும். ஆனால் சாய்வு குறைந்த மணற்கரையில் மட்டம் உயர்வதைப்போல 50 முதல் 100 மடங்கு தூரம் கரை பின்வாங்கலாம் என்பது தோராயக் கணக்கு. 20 வருடக் கடன் வாங்குகிறீர்கள் என்றால் 20 வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ரோடான்தி என்ற சிற்றூரில் 2020 முதல் பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கடலில் விழுந்திருக்கின்றன. கட்டியபோது அவற்றுக்கு முன்னால் மணல் இருந்தது.

இன்னொன்று, கரையோரக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் இருக்கும் பழைய வீட்டில் குடியிருக்க அனுமதி இருக்கலாம். இடித்துக் கட்டவோ விரிவாக்கவோ அனுமதி கிடைக்காமல் போகலாம். வாங்குவதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கி கடன் தருகிறதா, காப்பீட்டு நிறுவனம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்துக் காப்பீடு தருகிறதா என்றும் பாருங்கள். அவர்கள் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

கேள்வி: வாங்கப்போகும் வீட்டுக்கு முன்னால் மீனவர்கள் படகு நிறுத்தி வலை காயப்போடுகிறார்கள். வாங்கியபின் வேலி போட்டுத் தடுக்க முடியுமா?
- வாசகர்

பதில்: அந்த எண்ணம் இருந்தால் வாங்காதீர்கள். அந்தக் கரை அவர்கள் வேலை செய்யும் இடம். உங்கள் பத்திரத்துக்கு முன்பிருந்தே அவர்கள் அந்த வழியாகக் கடலுக்குப் போய்வருகிறார்கள். பல நாடுகளில் கடலின் ஈர மணல் பொதுச் சொத்து, அதற்குப் போகும் பாதையை மறிக்க முடியாது. சட்டம் இருக்கட்டும். காற்று மாறுவதையும் கடல் பொங்கப்போவதையும் உங்கள் தெருவில் முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான். குடிவந்த வாரத்திலேயே போய் உங்கள் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனி வீடு பராமரிக்க முடியாது என்பதால் கடலோர அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி பார்த்திருக்கிறோம். உப்பு, துரு போன்ற பிரச்சினைகள் இங்கே குறைவுதானே?
- ஒரு குடும்பத் தலைவி

பதில்: பிரச்சினை அதேதான், முடிவெடுக்கிறவர்கள்தான் அதிகம். 2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 12 மாடிக் கடலோரக் கட்டடத்தின் ஒரு பகுதி இரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 1981இல் கட்டியது. நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்த்தடுப்பு பழுதாகிக் கட்டமைப்பு சேதமடைந்திருக்கிறது என்று 2018இலேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தளத்தின் வடிவமைப்பிலேயே பலம் போதவில்லை என்பதும் பிறகு விசாரணையில் தெரிந்தது. செலவை யார் ஏற்பது, எப்போது தொடங்குவது என்று குடியிருப்போர் பேசிக்கொண்டிருந்தபோதே நேரம் போய்விட்டது.

எனவே கடைசி ஐந்து வருடச் சங்கக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபிளாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கீழே இறங்கி வாகன நிறுத்தத் தளத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

கேள்வி: சுனாமி வந்தால் என்ன செய்வது என்று என் மகள் தினமும் கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்ல?
- ஓர் அம்மா

பதில்: பயப்படாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவளோடு ஒருநாள் நடந்து பாருங்கள். இந்தோனேசியாவின் சிமுலு தீவில், 1907இல் வந்த அலையின் நினைவைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும், 70,000க்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்தத் தீவில் சுனாமிக்கு இறந்தவர்கள் 7 பேர்.

வீட்டிலிருந்து மேடான இடத்துக்கோ உறுதியான உயரமான கட்டடத்துக்கோ குழந்தை நடையில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். வழியில் பாலம், தாழ்வான சாலை உண்டா? பதில் தெரிந்த குழந்தைக்குப் பயம் குறையும். எல்லா வழியும் தண்ணீர் தேங்கும் ஒரே சாலையில் போய் முடிகிறது என்றால், வேறு வீடு பாருங்கள்.

கேள்வி: அக்கா, என் கணவருக்குக் கடற்கரை வீடு என்பது சின்ன வயதுக் கனவு. எனக்கு அந்த அமைதியே பயமாக இருக்கிறது. அவர் ஆசையைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய சகோதரி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அவர் ஆசையைக் கெடுப்பதாக நினைத்துக்கொண்டு அதை விழுங்கிவிடாதீர்கள்.

அமைதியான கடற்கரைப் பகுதி என்று சொல்லப்படும் பல இடங்களில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். விடுமுறைக்கு மட்டும் திறப்பார்கள். எங்கள் வரிசையில் 14 வீடு. குடிவந்த முதல் வருடம் சாதாரண நாளில் விளக்கு எரிந்தது எங்களையும் சேர்த்து நாலில்தான். பகலில் அது எனக்கும் பிடித்தது. இரவில் அலைச் சத்தம் ஒரு மாதம் தூங்கவிடவில்லை. அப்புறம் அது கேட்காமல் போனது. இப்போது வெளியூர் போய்த் தங்கினால்தான் தூக்கம் வருவதில்லை. ஆனால் ஆள் சத்தம் இல்லாததற்குப் பழக எனக்கு மூன்று வருடம் ஆனது. தங்கை மாதிரி நினைத்து உள்ளதைச் சொல்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நள்ளிரவில் என் கணவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆம்புலன்ஸ் வர 40 நிமிடம் ஆகும் என்றார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். வரிசை முழுக்க இருட்டு. கடல் பக்கம் ஒரே ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. படகு தள்ளக் கிளம்பிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர். நான் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார். அவர் தம்பியின் வேனில், வலைகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அன்று அவர்கள் கடலுக்குப் போகவில்லை. விடிந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தார்கள். இவர் பிழைத்தார். இப்போதும் காலையில் எனக்கு முன்னால் மணலில் நடந்துபோகிறார்.

அதற்குப் பிறகு நாங்கள் சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். குடியிருக்கும் நாலு வீட்டிலும் மற்றவர் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் வாசல் கதவு திறக்காத வீட்டுக்கு யாராவது போய்த் தட்டுவோம். தொலைபேசி எண்கள் சமையலறைச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது, விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவுக்கு இரவு எட்டு மணிக்குப் போங்கள். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். ஆஸ்பத்திரிக்கு இரவில் வண்டி ஓட்டிப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அந்தச் சாலையில் ஓட்டப்போவது நீங்கள் என்பதால், ஓட்டிப் பார்க்க வேண்டியதும் நீங்கள்தான். விளக்கு எரியும் வீட்டில் ஒன்றின் கதவைத் தட்டி, அந்த வீட்டுப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசுங்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீற்ற மாதத்தில் வாடகைக்கு இருந்து பார்க்க முடிவு செய்தீர்களானால், அங்கே இருக்கும்போது எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.